சாய்ந்த சுவரும் உரிமச் சீட்டும்

விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு எல்லை மலை. கிழக்கே கரிசல் காடு. ராஜபாளையத்துக்கு மேற்கே அய்யனார் கோவில் ஆற்றில் இறங்கிவரும் நீர், ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தில் தேங்கி அந்நகரின் தாகம் தீர்க்கிறது. அங்கிருந்து கிழக்கு நோக்கிச் சில மணி நேரம் நடந்தால் போதும். பசுமை மறைந்து, வானம் பார்த்த பூமி தொடங்கிவிடும். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை என்று அந்த வறண்ட நிலம் நீண்டு கிடக்கிறது. பயிருக்குப் பகையான அந்த வறட்சிதான் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் துணையாயிற்று. ஈரமில்லாத காற்றில் மருந்து விரைவில் காயும். 1923-ஆம் ஆண்டில் அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் உறவினர் இருவர் சிவகாசியிலிருந்து கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய வரலாற்றை நம்மில் பலர் அறிவோம். அதன் பின்னே பட்டாசு வந்தது. பட்டாசின் பின்னே சட்டம் வந்தது.

வெடிபொருட்களுக்கான சட்டம் 1884-லேயே ஆங்கில ஆட்சியில் பிறந்துவிட்டது. அதன்கீழ் விதிகள் மாறி மாறி எழுதப்பட்டு, இறுதியாக 2008-ஆம் ஆண்டின் விதிகள் வழக்கில் உள்ளன. அவ்விதிகளைப் படித்துப் பார்ப்பவர் வியப்படைவர். தமிழகத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கோ திருமண மண்டபத்துக்கோ இல்லாத நுணுக்கம், பட்டாசு ஆலையின் ஒரு சிற்றறைக்கு உண்டு. ஓர் அறைக்கும் மற்றோர் அறைக்கும் இடையே எவ்வளவு வெளி விடவேண்டும், கதவு எப்பக்கம் திறக்கவேண்டும், ஒரு வேளையில் எவ்வளவு மருந்து இருக்கலாம் என்பனவெல்லாம் வரையறுக்கப்பட்டுள்ளன. ஓர் அறையில் நால்வருக்கு மேல் அமர்ந்து வேலை செய்யலாகாது என்பது அப்பகுதியில் எழுத்தறியாத தொழிலாளிக்கும் தெரிந்த விதி. உரிமம் தரும் இடத்தை வைத்தே ஆலைகளை அழைப்பது அங்குள்ள வழக்கம்: நாக்பூர் உரிமம், சென்னை உரிமம், டி.ஆர்.ஓ. உரிமம். ஒவ்வொரு உரிமத்தோடும் ஒரு வரைபடம் உண்டு. அந்த வரைபடத்தில் உள்ள அறைகளுக்கே உரிமம். வேறு எதற்கும் அன்று.

இவ்வளவும் இருக்க, 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் நண்பகலில் முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலை வெடித்துச் சிதறிற்று. முதல் வெடிப்பைக் கண்டு உதவிக்கும் வேடிக்கைக்குமாக ஓடிவந்த ஊர்மக்களும் அடுத்த வெடிப்பில் மாண்டனர். இறந்தோர் 38 பேர் என்று அரசு கணக்குச் சொன்னது. விதிமீறல்களுக்காக அந்த ஆலையின் உரிமம் அதற்குச் சற்று முன்னர்தான் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது என்று அந்நாட்களில் செய்தி வெளிவந்தது. அப்படியாயின் ஆய்வாளர் வந்திருக்கிறார், பார்த்திருக்கிறார், எழுதியும் இருக்கிறார். வேலை மட்டும் நிற்கவில்லை. 2021 பிப்ரவரி 12-இல் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் மீண்டும் ஒரு விபத்து. 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அப்போது வெளிப்பட்டது மற்றொரு நோய். உரிமம் பெற்றவர் ஒருவர். அறைகளைக் குத்தகைக்கு எடுத்து வேலை நடத்துபவர்கள் வேறு பலர். நால்வர் இருக்கவேண்டிய அறையில் அதற்கும் மேற்பட்டோர். இடம் போதாதபோது மரத்தடியிலும் வேலை. மரத்தடிக்கு வரைபடம் ஏது?

இம்மாவட்டத்தின் தலைமை நீதிமன்றம் இருப்பது விருதுநகரில் அன்று, ஸ்ரீவில்லிபுத்தூரில். வெடி விபத்து வழக்குக் கட்டுகளில் அந்த அறைகளின் நீள அகலமும் ஆட்களின் எண்ணிக்கையும் பொறுமையாகப் படிக்கப்படுகின்றன. அதே வரைபடத்தை, அறையின் வாயிலில் நின்று, ஆட்கள் உயிரோடு இருக்கையில் படித்திருக்கவேண்டிய கண்கள் எவை என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகும் பொருள்.

இது பட்டாசுத் தொழிலுக்கு மட்டும் உரிய குறை அன்று. தமிழகத்தின் நகராட்சிகளை நூறாண்டுக்கு மேல் ஆண்டுவந்தது 1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம். 2023-இல் புதிய நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம் நடைமுறைக்கு வரும்வரை ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் அதன் ஆளுகையில்தான் இருந்தன. அச்சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. துணி, புல், இலை, பாய் முதலிய எளிதில் தீப்பற்றும் பொருள்களால் கட்டடத்தின் வெளிக்கூரையோ, சுவரோ, பந்தலோ நகராட்சியின் இசைவின்றி அமைக்கலாகாது என்பது அதன் கருத்து. லண்டன் மாநகரம் வைக்கோல் கூரைக்குத் தடைவிதித்தது 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். 1666-இல் ஒரு ரொட்டிக் கடையின் அடுப்பிலிருந்து புறப்பட்ட தீ அந்நகரின் பெரும்பகுதியை விழுங்கிய பின், செங்கல்லாலும் கருங்கல்லாலும் மட்டுமே கட்டவேண்டும் என்று அடுத்த ஆண்டே சட்டம் வந்தது. அந்த அனுபவத்தின் வாடை நம் 1920-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் வீசுகிறது.

ஓலைக் கூரையை நாம் பழிக்கவில்லை. அது ஏழையின் கூரை. வெயிலுக்கு அதைப்போல் குளிர்ச்சி தருவது வேறில்லை. சட்டமும் அதை அடியோடு தடுக்கவில்லை. இசைவு பெறுக என்றுதான் சொன்னது. ஆனால் ஒரு குடும்பம் படுக்கும் குடிசைக்கும், நூறு பேரை ஒருங்கே அமர்த்தும் மாடிக் கொட்டகைக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்து பார்க்கும் கண் ஒன்று இருந்தால் மட்டுமே 'இசைவு' என்னும் சொல்லுக்குப் பொருள் உண்டு.

அந்தக் கண் இல்லாமற்போனதன் கதை நீளமானது. 1964 ஏப்ரலில் மதுரையில் ஒரு பள்ளிக் கட்டடம் இடிந்து 30-க்கும் மேற்பட்ட மாணவியர் மடிந்தனர். அடுத்த ஆண்டில், 1965-இல், பொதுக் கட்டடங்களுக்கு உரிமம் பெறவேண்டும் என்னும் சட்டம் வந்தது. இன்று ஒரு பள்ளியை நடத்துவோர் கட்டட உரிமத்துக்காகத் தாசில்தார் அலுவலகப் படியேறுவது அதன் விளைவே. திரையரங்குகளின் செய்தி இதைவிடப் பழையது. 1918-ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டத்தை நாம் தணிக்கைச் சட்டம் என்றே நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் அதன் மறுபாதி முழுவதும் கொட்டகையில் தீப்பிடியாமல் காப்பதைப் பற்றியது. அக்காலத்துப் படச்சுருள் வெடிமருந்தின் உடன்பிறப்பு. படத்தில் முத்தமிடுகிறார்களா என்று பார்க்க ஏற்பட்ட குழுவை நாடு நன்கு போற்றி வளர்த்தது. கொட்டகையின் கதவு திறக்கிறதா என்று பார்க்கும் பணியோ மெலிந்து போயிற்று. 1979 ஜூலை 29-இல் தூத்துக்குடி லட்சுமி டாக்கீஸில் கூரை பற்றி எரிந்தபோது 70-க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், வெளியேற வழியின்றி மாண்டனர்.

2004-ஆம் ஆண்டு ஜனவரி 23-இல் ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தின் மாடியில் போட்டிருந்த ஓலைப் பந்தல் எரிந்து, மணமகன் உட்பட 50-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கூரை குறித்து மாநிலம் முழுதும் பேச்சு எழுந்தது. ஆறு மாதம் முடியவில்லை. ஜூலை 16, வெள்ளிக்கிழமை, கும்பகோணம் காசிராமன் தெருவில் சத்துணவு சமைத்த இடத்தின் கூரையில் பற்றிய தீ, மாடியில் வகுப்பு நடந்துகொண்டிருந்த ஓலைக் கொட்டகைக்குத் தாவிற்று. ஒரே கட்டடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகள். இறங்கிவரக் குறுகிய படிக்கட்டு. 94 குழந்தைகள். அந்த எண்ணை எழுதும்போது எழுதுகோல் நின்றுவிடுகிறது.

கும்பகோணத்துக் கட்டடம் மறைவில் இருந்ததன்று. நகரின் நடுவே, தெருவில் போவோர் அண்ணாந்து பார்த்தால் தெரியும் கூரை அது. கல்வித்துறைக்கு அந்தப் பள்ளி தெரியும். நகராட்சிக்கு அந்தக் கட்டடம் தெரியும். உறுதிச் சான்றும் இருந்தது. நீதிபதி சம்பத் ஆணையம் விசாரித்தது. பத்தாண்டு கழித்து, 2014 ஜூலை 30-இல், தஞ்சை நீதிமன்றம் பதின்மரைக் குற்றவாளிகள் என்று தீர்த்து, பதினொருவரை விடுவித்தது. தண்டனை பெற்றோருள் பள்ளி நிறுவனர் மட்டுமல்லர், கல்வித்துறையினரும், கட்டடத்துக்குச் சான்றளித்த பொறியாளரும் இருந்தனர். 2017-இல் உயர்நீதிமன்றத்தில் தண்டனைகள் பல குறைந்தன, சிலர் விடுதலையாயினர். இதற்கிடையில் 2009 ஏப்ரலில் அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கில் உச்சநீதிமன்றம், கல்வி பெறும் உரிமைக்குள் பாதுகாப்பான பள்ளியில் பயிலும் உரிமையும் அடங்கும் என்று கூறி, பள்ளிகள்தோறும் தீயணைப்புக் கருவிகளும் கட்டட ஆய்வும் வேண்டும் என்று பணித்தது. நல்ல தீர்ப்புத்தான். 1920-இல் புல்லையும் பாயையும் பற்றி எழுதிய அந்தப் பெயர் தெரியாத சட்ட எழுத்தர் இதைக் கேட்டிருந்தால், தாம் முன்பே சொன்னதாயிற்றே என்றிருப்பார்.

இங்கே நம் பழைய நூல்களின் பக்கம் சற்றுத் திரும்புவோம். முஸ்லிம் நகரங்களில் 'ஹிஸ்பா' என்றொரு துறை இருந்ததும், அதன் அதிகாரி 'முஹ்தசிப்' எனப்பட்டதும் வரலாறு படித்தோர் அறிந்ததே. அவரை நிறைகோல் பார்ப்பவராக மட்டுமே பலரும் எண்ணுகின்றனர். ஹிஜ்ரி 450-இல் மறைந்த இமாம் மாவர்தீ ஆட்சி விதிகளைத் தொகுத்த தம் நூலில், படகில் அளவுக்கு மீறி ஆட்களையும் சுமையையும் ஏற்றவிடாமல் தடுப்பதும் முஹ்தசிபின் கடமை என்று வரைகின்றார். பின்னர் ஷைஸரீ எழுதிய ஹிஸ்பா நூலில் ரொட்டி சுடுவோருக்கென ஒரு பகுதி உண்டு: கடையின் கூரை உயரமாக இருக்கவேண்டும், கூரையில் புகை போக அகன்ற வழி விடவேண்டும், மக்களுக்குத் தீங்கு நேரலாகாது என்பது அதன் சாரம். லண்டன் ரொட்டிக் கடைக்குச் சுமார் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்திய ஏடு அது! முஹ்தசிப் தம் அலுவலகத்தில் அமர்ந்து விண்ணப்பம் வாங்குபவர் அல்லர். கடைத்தெருவில் சுற்றிவருவதே அவருடைய அலுவல். எதிர்பாராத வேளையில் வந்து நிற்பதே அவருடைய முறை. அதே சமயம் பிறர் வீட்டுக்குள் துருவிப் பார்க்க அவருக்கு உரிமையில்லை. பலர் கூடும் இடமே அவருடைய எல்லை. இவ்வதிகாரிகள் எல்லோரும் நேர்மையாளர் என்று நாம் சொல்ல வரவில்லை. கையூட்டு வாங்கிய முஹ்தசிபுகளையும் வரலாறு கண்டிருக்கிறது.

அதிகாரியைவிட நம் சிந்தைக்குரியது சட்ட நூல்களில் வரும் வேறொரு செய்தி. ஹனஃபி மத்ஹபின் பெருநூலாகிய 'ஹிதாயா'வில் சாய்ந்த சுவரைப் பற்றிய ஒரு பகுதி இருக்கிறது. ஒருவருடைய சுவர் பொதுப்பாதையை நோக்கிச் சாய்ந்துவிட்டது. அதை இடித்துவிடுமாறு அவரிடம் சாட்சி வைத்துச் சொல்லப்பட்டது. இடிக்கக் கூடிய அவகாசம் இருந்தும் அவர் வாளாவிருந்தார். சுவர் விழுந்து உயிரோ பொருளோ சேதமானால் ஈடு செய்யும் பொறுப்பு விதியாகும். எச்சரிக்கை செய்ய உரியவர் யார்? அப்பாதையில் நடக்க உரிமையுள்ள எவரும். முஸ்லிமாயினும், முஸ்லிமல்லாத குடிமகனாயினும் ஒன்றே. காஜியின் ஆணை தேவையில்லை. முஹ்தசிபின் முத்திரை தேவையில்லை. தெருவில் போகிறவன் நின்று சொன்னால் போதும்; அக்கணம் முதல் சுவருக்குடையவன் அறியாதவன் அல்லன்.

அதே பகுதியில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. எச்சரிக்கப்பட்டவர் அவ்வீட்டை விற்றுவிட்டால் அவர் பொறுப்பு நீங்கிவிடும். வாங்கியவரிடம் மீண்டும் சொல்லியாக வேண்டும். சொல்லாதவரை அவரும் பொறுப்பாளி ஆகார். சட்ட நியாயப்படி இது சரியே. ஆனால் சுவர் கைமாறும் வேகத்தில் சொல்கிறவனும் விழித்திருக்க வேண்டும் என்பது இதனால் தெரிகிறது. வெம்பக்கோட்டைப் பக்கத்துக் குத்தகை அறைகளை எண்ணிப் பாருங்கள். உரிமம் ஒருவர் பெயரில், வேலை இன்னொருவர் கையில், பிணம் மூன்றாமவர் வீட்டில். சுவர் கைமாறிய செய்தி சொல்ல வேண்டியவருக்கே எட்டுவதில்லை.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காலத்தில் மதீனாவில் ஒரு வீடு இரவில் அதிலுள்ளோருடன் எரிந்து போயிற்று. நெருப்பு உங்கள் பகைவன், உறங்கப் போகுமுன் அதை அணைத்துவிடுங்கள் என்னும் கருத்தில் பெருமானார் அறிவுறுத்திய ஹதீஸை நம் பிள்ளைகள் மக்தபிலேயே கேட்டிருப்பர். கைப்பிடிச் சுவரில்லாத மாடியில் உறங்குபவனைக் குறித்தும் ஒரு ஹதீஸ் அபூதாவூதில் உண்டு. அவனுக்கான பாதுகாப்புப் பொறுப்பு நீங்கிவிடுகிறது என்பது அதன் கருத்து. இவற்றை நாம் படிக்கிறோம்; மனப்பாடமும் செய்கிறோம். இவற்றை வைத்துக்கொண்டுதான் ஏர்வாடியை நினைத்துப் பார்க்க வேண்டியுள்ளது.

2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள், பொழுது புலர்வதற்கு முன், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தின் கூரைக் கொட்டகை தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்கள் ஓடவில்லை. ஓட இயலாதபடி சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். 28 பேர் இறந்தனர். ஏர்வாடி தர்காவுக்குத் தீராத மனநோயாளிகளை அழைத்து வருவது நெடுநாள் வழக்கம், மதவேறுபாடின்றி வருகின்றனர். நோயாளியோடு பல மாதம் தங்க இயலாத குடும்பத்தார் பணம் கொடுத்து ஒப்படைத்துச் செல்ல, தனியார் நடத்திய காப்பகங்கள் அவ்வூரில் பெருகின. காப்பகங்களை நடத்தியது தர்கா அன்று என்பது உண்மை. ஆயினும் அந்தப் பெயரை நம்பித்தான் அக்குடும்பங்கள் அவ்வூருக்கு வந்தன என்பதும் உண்மை.

மனநலச் சட்டம் 1987-இல் இயற்றப்பட்டு 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்துவிட்டது. உரிமமின்றி இத்தகைய இல்லம் நடத்தலாகாது; ஆய்வு உண்டு; எல்லாம் எழுதப்பட்டிருந்தன. எட்டாண்டுகள் அச்சட்டமும் அக்கூரைகளும் ஒரே நாட்டில் ஒன்றையொன்று பார்க்காமல் வாழ்ந்தன. தீக்குப் பின் நடந்தவையோ மிக விரைவாக நடந்தன. ஒரே வாரத்தில், ஆகஸ்ட் 13-இல், அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் அரசின் பராமரிப்புக்கு மாற்றப்பட்டனர். உச்சநீதிமன்றம் தானே முன்வந்து வழக்கெடுத்தது. 2007-இல் காப்பக உரிமையாளர் உள்ளிட்டோருக்கு ஏழாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை வெளிப்படையாகத் தடை செய்தது. ஒரு வாரத்தில் செய்ய முடிந்ததை எட்டாண்டுகளில் செய்ய முடியாமற் போனது ஏன் என்ற வினாவுக்கு அரசு அலுவலகங்களை மட்டும் சுட்டிவிட்டு நாம் தப்பிவிட முடியுமா? ஜியாரத்துக்குச் சென்றோர் அந்தச் சங்கிலியைக் கண்டிருக்கின்றனர். கண்டு, இரங்கி, காசு கொடுத்து, துஆ செய்து, பேருந்து ஏறியிருக்கின்றனர். சாய்ந்த சுவரைக் கண்டவர்கள் ஆயிரம் ஆயிரம். சாட்சி வைத்துச் சொன்னவர் எத்தனை பேர்?

உரிமச் சீட்டு என்று ஒன்று வந்த பிறகு, பார்ப்பது அரசின் வேலை என்ற எண்ணம் குடிமக்களிடம் வேரூன்றிவிட்டது. பார்த்ததற்கு அடையாளம் சீட்டு என்ற எண்ணம் அரசிடம் வேரூன்றிவிட்டது. சீட்டு கையெழுத்தான நாளில் கட்டடம் சரியாகவே இருந்திருக்கலாம். மறுமாதம் மாடியில் ஒரு கொட்டகை எழும். சன்னலுக்கு வெளியே அலமாரி வந்து மறைக்கும். இரண்டு வாயில்களில் ஒன்று, திருட்டுக்கு அஞ்சி, பூட்டப்படும். சீட்டில் இவை எதுவும் ஏறா. இவற்றை நாள்தோறும் காண்பவர் அவ்விடத்தில் புழங்குவோரே. ஆய்வாளர்கள் போதிய அளவில் இல்லை என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆயினும் எண்ணிக்கையைக் கூட்டினாலும் மாடிக் கொட்டகையின் பக்கத்து வீட்டுக்காரராக எந்த ஆய்வாளரும் குடியிருக்கப் போவதில்லை.

2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் ஹிதாயாவின் வழிப்போக்கனுக்கு ஒரு பேனாவைத் தந்திருக்கிறது. ஒரு பள்ளியின் கட்டட உரிமம் எந்நாள் வரை செல்லும், தீயணைப்புத் துறை கடைசியாக எப்போது வந்து பார்த்தது, என்ன எழுதிற்று என்று பத்து ரூபாய்க் கட்டணத்தில் எவரும் கேட்கலாம். கேட்ட நாளும் கேட்டவர் பெயரும் கோப்பில் நிற்கும். எமக்குத் தெரியாது என்று பின்னர் எவரும் சொல்ல இயலாது.

நம் ஊர்களில் ஜமாஅத்தின் பெயரில் இன்று கட்டடங்கள் பல உள்ளன. திருமண மண்டபங்கள் இருக்கின்றன. நர்சரிப் பள்ளிகள் இருக்கின்றன. வெளியூர்ப் பிள்ளைகள் மாடியில் படுத்துறங்கும் மதரஸா விடுதிகள் இருக்கின்றன. கந்தூரிக்கும் நிக்காஹ்வுக்கும் அடுப்பு மூட்டும் கொல்லைப்புறத்தில், பாதி மண்டபங்களில் இன்றும் கீற்றுக் கொட்டகைதான். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வரவு செலவு வரிவரியாகப் படிக்கப்படுகிறது. ஐம்பது ரூபாய்க்கு ரசீது இல்லையென்றாலும் ஒருவர் எழுந்து கேட்கிறார். விடுதியின் இரண்டாவது கதவுச் சாவி இரவில் யாரிடம் இருக்கிறது என்று எழுந்து கேட்டவரை நாம் இதுவரை கண்டதில்லை.